எந்தத் தேதியில் கட்டியது?

2023 செப்டம்பர் 30 அன்று பைதான் உலகில் இரண்டு பேக்கேஜ்களுக்கு ஒரே நாளில் புதிய பெரும் பதிப்பு வந்தது. ஒன்று, வலைத்தளம் கட்டப் பயன்படும் ஃபிளாஸ்க் 3.0. மற்றொன்று, ஃபிளாஸ்க்கை அடியில் நின்று தாங்கும் வெர்க்சோய்க் 3.0. அடுத்த சில நாட்களில் பல நாட்டு நிரலாளர்கள் ஒரே பிழைச் செய்தியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். 'யூஆர்எல் குவோட்' என்ற சிறு செயற்கூறு வெர்க்சோய்க்கில் இல்லை என்றது அது. தங்கள் நிரலில் அவர்கள் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. முந்தின வாரம் ஓடிய நிரல்தான் அது, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது.

அவர்களில் பலரும் தங்கள் நிரலை டாக்கர் கண்டெய்னரில்தான் வைத்திருந்தார்கள். கண்டெய்னரில் போட்டுவிட்டால் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடும் என்பதுதான் பேச்சு. பிறகு ஏன் உடைந்தது? இதற்கான விடை பெரிய நிறுவனங்களைவிடச் சிறு ஊர்களில் எழுதப்படும் சிறு மென்பொருள்களுக்குத்தான் அதிகம் தேவை என்பது என் எண்ணம். அதனால் சேலத்துப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் அயோத்தியாப்பட்டணம் தாண்டினால் குச்சிக்கிழங்கு நாடு தொடங்கிவிடும். மரவள்ளியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981-இல் சேலத்தில்தான் உருவானது. ஆலைக்கு லோடு வந்ததும் எடை போடுவார்கள், கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள், பாயிண்ட்டுக்கு இன்ன விலை என்று கணக்கிடுவார்கள். 28 பாயிண்ட், பாயிண்ட்டுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் டன்னுக்கு 8,400 ரூபாய். 12 டன் லோடுக்கு 1,00,800 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டு விவசாயிக்குச் சீட்டு அடித்துத் தரும் சிறு வலைச்செயலி ஒன்றை அயோத்தியாப்பட்டணத்து இளைஞர் ஒருவர் ஓர் ஆலைக்கு எழுதித் தருகிறார் என்று கற்பனை செய்வோம்.

அவர் எழுதிய தேவைப் பட்டியலில் ஐந்தே வரிகள். வலைப்பக்கத்துக்கு ஃபிளாஸ்க் 2.2.2. எடைமேடைக் கோப்பைப் படிக்கப் பாண்டாஸ். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் பேச சைக்கோபிஜி. எக்செல் கோப்பு எழுத ஓபன்பைஎக்ஸெல். கடைசியாக, தொகையைத் தமிழ் எழுத்தில் அச்சிட ஓபன்-தமிழ். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கி, தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்த தொகுப்பு இது. எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்க அதில் இரண்டு செயற்கூறுகள் உண்டு. ஒன்று லட்சம், கோடி என்று எண்ணும், மற்றது மில்லியன் கணக்கில் எண்ணும். நம் ஆலைச் சீட்டுக்கு முதலாவதுதான் வேண்டும். இப்படிப்பட்ட ஒரு பொருளை யாரோ எழுதி, பைபிஐ என்ற பொதுக் களஞ்சியத்தில் விலையில்லாமல் வைத்திருப்பதால்தான் சேலத்தில் ஒருவர் நான்கு நாளில் ஒரு செயலியை முடிக்க முடிகிறது. சார்புகளால் வரும் தொல்லையைப் பேசும்போது இதையும் மறக்கக் கூடாது.

பட்டியலில் ஐந்து வரிகள் என்றாலும் நிறுவப்படுபவை ஐந்து அல்ல. ஃபிளாஸ்க் தன்னோடு வெர்க்சோய்க், ஜிஞ்சா, கிளிக், இட்ஸ்டேஞ்சரஸ் ஆகியவற்றை அழைத்து வரும். ஜிஞ்சா தன் பங்குக்கு மார்க்அப்சேஃபை அழைத்து வரும். பாண்டாஸ் வந்தால் நம்பை வரும், தேதிகளையும் நேர மண்டலங்களையும் கையாளும் பேக்கேஜ்கள் வரும். மொத்தம் பதினைந்தைத் தாண்டிவிடும். அதற்கும் கீழே பைதானே அல்லாத ஒரு தளம் இருக்கிறது. சைக்கோபிஜி சி மொழியில் எழுதிய லிப்பிகியூ என்ற நூலகத்தை நம்பி நிற்கிறது. அது லினக்ஸின் அடிப்படை சி நூலகத்தை நம்பி நிற்கிறது. இளைஞர் பெயர் சொல்லிக் கேட்டது ஐந்தை. வந்தவற்றில் பெரும்பாலானவற்றின் பெயரே அவருக்குத் தெரியாது.

கண்டெய்னர் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு நிரலுக்கு அதற்கென்று தனிக் கோப்பமைப்பும் தனி வலையமைப்பும் இருப்பதுபோல் லினக்ஸ் கருவே காட்டுகிறது. 1979-இல் யூனிக்ஸில் வந்த 'சிஎச்ரூட்' இதன் மூதாதை. பின்னாளில் லினக்ஸில் சேர்ந்த நேம்ஸ்பேஸ், சிகுரூப் வசதிகள் அதை முழுமையாக்கின. 2013 மார்ச்சில் சான்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சு ஒன்றில் டாக்கரை முதன்முதலாகப் பொதுவில் காட்டினார். கண்டெய்னர் உலகத்துக்கு அறிமுகமான மேடையே பைதான்காரர்களின் மேடை.

டாக்கரில் இரண்டு பொருள்கள் உண்டு. முதலாவது டாக்கர்ஃபைல். இன்ன லினக்ஸை எடு, இந்தப் பட்டியலில் உள்ளதை நிறுவு, என் நிரலை உள்ளே வை என்று கட்டளைகளை வரிசையாகச் சொல்லும் உரைக்கோப்பு. இரண்டாவது இமேஜ். அந்தக் கட்டளைகளை ஒருமுறை ஓட்டியதில், அதாவது கட்டியதில், கிடைத்த முழுக் கோப்புத் தொகுதி. இமேஜ் மாறாது. அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஷா-256 கைரேகை ஒன்று அதற்கு இருக்கும், ஒரு பைட் மாறினாலும் கைரேகை மாறிவிடும். எங்கும் ஒரே மாதிரி ஓடும் என்ற வாக்கு இமேஜுக்குப் பெரும்பாலும் பொருந்தும். டாக்கர்ஃபைலுக்குப் பொருந்தாது. அது புதிதாக ஓடும் ஒவ்வொரு முறையும் இணையத்துக்குப் போய், அன்றைக்குக் களஞ்சியத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து வருகிறது. டாக்கர்ஃபைலில் எழுதப்படாத ஒரு மூலப்பொருள் உண்டென்றால் அது கட்டிய தேதிதான்.

நம் இளைஞர் ஃபிளாஸ்க்கை 2.2.2 என்று பதிப்பெண்ணோடுதான் எழுதியிருந்தார். ஆனால் ஃபிளாஸ்க் 2.2.2 தனக்கு வேண்டிய வெர்க்சோய்க்கைப் பற்றி என்ன சொல்லியிருந்தது? '2.2.2 அல்லது அதற்கு மேல்' என்று மட்டும். மேல் எல்லை இல்லை. 3.0-வும் அதற்கு மேல்தானே? செப்டம்பர் 29 அன்று கட்டியவருக்கு 2.3 வரிசை கிடைத்தது, செயலி ஓடியது. அக்டோபர் 1 அன்று கட்டியவருக்கு 3.0 கிடைத்தது, செயலி எழவே இல்லை. வெர்க்சோய்க்கைப் பராமரிப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் செயற்கூறு போகப்போகிறது என்று அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த 2.3-லேயே எச்சரித்திருந்தார்கள்.

தேதியோடு வரும் இந்த மாற்றத்தை மறைத்து வைப்பது டாக்கரின் அடுக்குச் சேமிப்பு. டாக்கர்ஃபைலில் கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் அடுக்கு உண்டாகும். மறுபடி கட்டும்போது கட்டளையும் அது தொடும் கோப்புகளும் மாறவில்லை என்றால், டாக்கர் பழைய அடுக்கையே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தேவைப் பட்டியலை முதலில் உள்ளே வைத்து நிறுவிவிட்டு, அடிக்கடி மாறும் நிரலைக் கடைசியில் வைப்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். கைப்பேசி இணைப்பை மடிக்கணினிக்குக் கொடுத்து வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் இறக்கும் செலவு மிச்சம். ஆனால் நம் இளைஞரின் கணினியில் அந்த நிறுவல் அடுக்கு அந்த ஆண்டு பிப்ரவரியில் உறைந்தது. எட்டு மாதமாக நூறு முறை கட்டியிருப்பார், நூறு முறையும் பிப்ரவரியின் பேக்கேஜ்களோடுதான் கட்டியிருப்பார். ஆலைக்குப் புதுக் கணினி வாங்கி அங்கே முதல்முறையாகக் கட்டும் நாளில்தான் அக்டோபர் உள்ளே வரும்.

புதுக் கணினிகூட வேண்டாம். சீட்டைப் பிடிஎஃப்-ஆக அடித்துத் தரச் சொல்லி ஆலைக்காரர் கேட்கிறார். இளைஞர் பட்டியலில் ஆறாவது வரியாக ரிப்போர்ட்லேப் என்று சேர்க்கிறார். பட்டியல் கோப்பு மாறியதால் அந்த அடுக்கு செல்லாது. ஆறாவது வரிக்காக மற்ற ஐந்தும், அவை அழைத்து வரும் பத்துப் பன்னிரண்டும் மறுபடி இணையத்திலிருந்து வருகின்றன. பதிப்பெண் எழுதாதவை எல்லாம் அன்றைய புதுப் பதிப்புக்குத் தாவுகின்றன. பிடிஎஃப் கேட்டதற்கு எக்செல் ஏன் உடைந்தது என்று ஆலைக்காரர் கேட்டால் பதில் சொல்வது கடினம். கேள்வி நியாயமானது.

அடித்தளமும் இப்படி நகரும். 'பைதான் 3.11 ஸ்லிம்' என்று டாக்கர்ஃபைலின் முதல் வரியில் எழுதுவது ஓர் ஒட்டுச்சீட்டின் பெயரை மட்டுமே. அந்தச் சீட்டை வேறோர் இமேஜின் மேல் மாற்றி ஒட்டலாம். 2023 ஜூன் 10 அன்று டெபியன் லினக்ஸ் 12 வெளியானதும் பைதானின் அதிகாரப்பூர்வ இமேஜ்களின் அத்தகைய சீட்டுகள் டெபியன் 11-இலிருந்து 12-க்கு மாற்றி ஒட்டப்பட்டன. முதல் வரி அப்படியே இருக்க, அதன் அடியில் இருந்த லினக்ஸ் மாறிப்போனது. டெபியனின் பெயரையும் சேர்த்து எழுதினால் ஓரளவு பாதுகாப்பு. ஷா-256 கைரேகையையே எழுதினால் முழுப் பாதுகாப்பு.

இதற்கெல்லாம் மருந்து லாக் கோப்பு. நாம் கேட்டவை ஒரு கோப்பில் இருக்கும். அவற்றிலிருந்து கருவி கணக்கிட்டுத் தரும் மொத்தப் பட்டியல் இன்னொரு கோப்பில் இருக்கும், ஒவ்வொரு பேக்கேஜும் துல்லியமான பதிப்பெண்ணில், அதன் கைரேகையோடு. பிப்-டூல்ஸ், பொயட்ரி, 2024 பிப்ரவரியில் வந்த யூவி என்று கருவிகள் பல. எனக்கு யூவியின் வேகம் பிடிக்கும், ஆனால் எதை எடுத்தாலும் சரியே. பைதானின் நிறுவல் கருவியான பிப்பில் உள்ள 'பிப் ஃப்ரீஸ்' கட்டளை மட்டும் போதாது. இப்போது நிறுவியிருப்பதை அது அப்படியே வரிசையாகக் கொட்டிவிடும். எது நாம் கேட்டது, எது கூட வந்தது என்ற வேறுபாடு அதில் அழிந்துபோகும். ஒரு வருடம் கழித்து அந்தப் பட்டியலைப் பார்ப்பவருக்கு எதைத் தொடலாம் என்றே தெரியாது.

லாக் கோப்புக்காகக் கருவி போடும் கணக்கு அவ்வளவு எளிதல்ல. பைதானில் ஒரு சூழலுக்குள் ஒரு பேக்கேஜுக்கு ஒரே ஒரு பதிப்புதான் இருக்க முடியும். ஒரு பேக்கேஜ் நம்பை 2-க்குக் கீழ் வேண்டும் என்கிறது, இன்னொன்று 2-க்கு மேல் வேண்டும் என்கிறது என்றால், இரண்டையும் அந்தப் பதிப்புகளில் ஒன்றாக வைக்கவே முடியாது. அப்போது இரண்டில் ஒன்றின் பழைய பதிப்புக்கு இறங்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பழைய பதிப்பு வேறொன்றைக் கேட்கும், அதற்காக இன்னொன்றை மாற்ற வேண்டும். இப்படிப் பொருந்தும் தொகுதி ஒன்றைக் கண்டுபிடிப்பது, கணினி அறிவியலில் என்பி-முழுமை என்று சொல்லும் கடினமான கணக்குகளில் ஒன்று. எல்லாச் சூழலுக்கும் விரைவாக விடை தரும் வழி எதுவும் யாருக்கும் தெரியாது. 2020 நவம்பர் வரை பிப் இந்தக் கணக்கை உண்மையில் போடவே இல்லை. முதலில் கண்ட நிபந்தனைக்கு ஏற்ற பதிப்பை வைத்துவிட்டு, பின்னால் வந்த முரணைத் தீர்க்காமல் போய்விடும். 20.3 பதிப்பில்தான் பின்வாங்கித் தேடும் புதிய முறை வந்தது. சில நேரம் பிப் ஒரே பேக்கேஜின் பத்துப் பதிப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பதைக் காணலாம். அது இந்தத் தேடல்தான். லாக் கோப்பு இருந்தால் தேடலை ஒருமுறை செய்து விடையை எழுதி வைத்தாயிற்று. கட்டும்போது தேட வேண்டியதே இல்லை.

ஆனால் லாக் செய்வது பாதி வேலைதான். அயோத்தியாப்பட்டணத்து விவசாயிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குச்சிக்கிழங்கை விதையிலிருந்து வளர்ப்பதில்லை, தண்டைக் கரணை கரணையாக நறுக்கி நடுகிறார்கள். அதனால் தாய்ச்செடியின் குணம் பிசகாமல் வரும். தாய்ச்செடியில் தேமல் நோய் இருந்தால் அதுவும் பிசகாமல் வரும். அதே ஆத்தூர் சாலையில் கொஞ்சம் தள்ளி ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோயில்லாத கரணையைத் தேர்ந்து நடு என்பது மரவள்ளிக்கான முதல் அறிவுரைகளில் ஒன்று. லாக் கோப்பும் அப்படித்தான், நல்லதையும் கெட்டதையும் ஒன்றுபோல் காப்பாற்றும்.

வெர்க்சோய்க்கிலேயே இதைப் பார்க்கலாம். 2.2.2 பதிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது. ஆயிரக்கணக்கான துண்டுகள் கொண்ட ஒரு படிவத்தை யாராவது வேண்டுமென்றே அனுப்பினால், அதைப் பிரித்துப் படிப்பதிலேயே சர்வரின் நினைவகமும் நேரமும் தீர்ந்துவிடும். 2023 பிப்ரவரியில் வந்த 2.2.3 அதை அடைத்தது. ஆக, 2.2.2-இல் உறைந்து நின்றவருக்குச் செயலி ஓடும், ஓட்டையும் இருக்கும். எதையும் உறைய வைக்காதவருக்கு ஓட்டை தானாகவே அடைபடும், ஏழு மாதம் கழித்துச் செயலி உடையும். இரண்டில் எதுவுமே சரியில்லை. உறைய வைத்து, குறித்த இடைவெளியில் நாமே திறந்து, புதுப்பித்து, சோதித்து, மறுபடி உறைய வைப்பதுதான் சரி. மாற்றம் எந்த நாளில் உள்ளே வர வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். லோடு லாரிகள் வரிசையில் நிற்கும் அறுவடைக் காலத்துக் காலையில் அது வரக் கூடாது. தெரிந்த ஓட்டைகளோடு லாக் கோப்பை ஒப்பிட்டுச் சொல்லப் பிப்-ஆடிட் என்ற கருவி இருக்கிறது. மாதம் ஒருமுறை ஓட்டினால் போதும்.

கைரேகையையும் விட்டுவிடக் கூடாது. 2022 மே மாதம் பைபிஐயில் 'சிடிஎக்ஸ்' என்ற பழைய பேக்கேஜைப் பராமரித்தவரின் மின்னஞ்சல் டொமைன் காலாவதியாகியிருந்தது. அதை வேறொருவர் வாங்கி, கடவுச்சொல்லை மாற்றி, நச்சு நிரல் உள்ள பதிப்புகளை ஏற்றினார். அந்த நிரல் சூழல் மாறிகளைத் திருடி வெளியே அனுப்பியது. கண்டெய்னர்களில் தரவுத்தளக் கடவுச்சொல்லைப் பெரும்பாலும் வைப்பது அந்தச் சூழல் மாறிகளில்தான். பதிப்பெண்ணோடு கைரேகையும் பூட்டியிருந்தால், பூட்டிய கோப்பைத் தவிர வேறெதையும் பிப் நிறுவ மறுக்கும். 2016-இல் வந்த பிப் 8 முதலே இந்த வசதி உண்டு. இன்றும் பலர் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

உடைவது ஒரு வகையில் நல்லது, சத்தம் போட்டு நிற்கிறது. சத்தமில்லாமல் தவறாக ஓடுவதுதான் ஆபத்து. எடைமேடைக் கோப்பில் தேதிகள் நம் வழக்கப்படி நாள்-மாதம்-ஆண்டு என்று இருக்கும். 05-04-2023 என்றால் ஏப்ரல் 5. பாண்டாஸுக்கு நாள் முதலில் என்று சொல்லாமல் விட்டால் அது அமெரிக்க வழக்கப்படி மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய 1.5 வரிசையில் இன்னும் விபரீதம். ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாக ஊகிக்கும். 05-04-2023 மே 4 ஆகும். அதே பத்தியில் அடுத்து வரும் 13-04-2023, பதின்மூன்றாவது மாதம் இல்லாததால், சரியாக ஏப்ரல் 13 ஆகும். ஒரே பத்தியில் பாதி சரி, பாதி தவறு, செயலியோ நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பாண்டாஸ் 2.0 வந்ததும் முதல் தேதியிலிருந்து வடிவத்தை முடிவு செய்து பத்தி முழுக்கவும் அதையே பயன்படுத்தத் தொடங்கியது. பொருந்தாத தேதி வந்தால் பிழை சொல்லி நிற்கும். இளைஞருக்கு அது 'அப்டேட் செய்ததும் கெட்டுப்போச்சு' என்று தோன்றலாம். உண்மையில் அதுவரை கெட்டுப்போய் இருந்தது அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது.

அதனால் லாக் கோப்போடு சோதனை ஒன்றும் வேண்டும். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஆலைக் கணக்கர் கையால் போட்ட பழைய சீட்டுகள் பத்தை எடுத்துக்கொண்டால் போதும். 12 டன், 28 பாயிண்ட், 300 ரூபாய் கொடுத்தால் 1,00,800 வர வேண்டும். எழுத்தில் 'லட்சம்' என்று வர வேண்டும். ஏப்ரல் 5 லோடு ஏப்ரல் 5 என்றே பதிவாக வேண்டும். எந்தப் பேக்கேஜைப் புதுப்பித்தாலும் இந்தப் பத்தும் தேறினால்தான் புது லாக் கோப்பை ஏற்க வேண்டும்.

கட்டிய இமேஜையும் 'டாக்கர் சேவ்' கொண்டு ஒரு வட்டில் எடுத்து வைப்பது நல்லது. பழைய டாக்கர்ஃபைல் என்றைக்கும் கட்டப்படும் என்று உறுதியில்லை. 2017-இல் வந்த டெபியன் 9-இன் கோப்புகள் 2023-இல் வழக்கமான சர்வர்களிலிருந்து எடுக்கப்பட்டு ஆவணக் கிடங்குக்குப் போய்விட்டன. அங்கிருந்து கோப்புகளை இறக்கிய டாக்கர்ஃபைல்கள் எல்லாம் நிறுவல் வரியிலேயே நின்றுபோயின.

வெர்க்சோய்க் விஷயத்தில் இளைஞர் செய்ய வேண்டியது இதுதான். கேட்டவை பட்டியலில் 'வெர்க்சோய்க், 2.2.3 அல்லது மேல், 3-க்குக் கீழ்' என்று ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் வேண்டும்: ஃபிளாஸ்க் 2.2 இருக்கும்வரை மட்டும். பிறகு அறுவடை ஓய்ந்த ஒரு வாரத்தில் ஃபிளாஸ்க்கை 3.0-க்கு ஏற்றி, பத்துச் சீட்டுகளையும் ஓட்டிப் பார்த்து, அந்த வரியை அழித்துவிடலாம்.